ஷிதாமச்சி: தமிழில் கீழப்பேட்டை

டோக்கியோ சுற்றுலாக் கையேடு எதைப் புரட்டினாலும் அசாகுசா, யானகா, ஃபுகாகாவா என்ற பெயர்களுக்குப் பக்கத்தில் ‘ஷிதாமச்சி’ என்ற சொல் வந்து நிற்கும். உள்ளூர்க்காரர் சொல்லும்போது முதல் எழுத்தின் இகரம் விழுங்கப்பட்டு ‘ஷ்தாமச்சி’ என்றே காதில் விழும். நம் உறவுமுறை மச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஷிதா என்றால் கீழ். மச்சி என்றால் ஊர், நகரின் ஒரு பகுதி. ஆங்கில அகராதி இதற்கு ‘டவுன்டவுன்’ என்று பொருள் போட்டிருக்கும். அதைப் பார்த்துத் தமிழில் ‘நகர மையம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதை நம்பிப் போகிறவர் அலுவலகக் கோபுரங்களைத் தேடி அலைய வேண்டியதுதான்.

சொல் நிலத்திலிருந்து பிறந்தது. டோக்கியோவின் மேற்கே முசாஷினோ மேட்டு நிலம். கிழக்கே சுமிதா ஆற்றை ஒட்டிய தாழ்நிலம்; அதில் ஒரு பகுதி கடலைத் தூர்த்து எடுத்தது. 1603இல் தொக்குகாவா இயெயாசு ஷோகுன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர், ஆனபின், எதோ என்று அழைக்கப்பட்ட இந்நகரில் பிரபுக்களும் சாமுராய்களும் பெரும்பாலும் மேட்டில் மாளிகை கட்டினார்கள். வணிகரும் கைவினைஞரும் பள்ளத்தில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். மேட்டுக்குப் பெயர் யாமனோத்தே. சொல்லுக்குச் சொல் ‘மலையின் கை’ என்றாலும், நாம் ‘வலக்கைப் பக்கம்’ என்பதைப்போல இங்கே கை என்பது பக்கத்தைக் குறிக்கிறது. நகரைச் சுற்றிவரும் ரயில் தடத்துக்கும் இதே பெயர்தான்.

தமிழில் எப்படிச் சொல்வது? நம்மிடம் ‘கீழ்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. தாழ்வையும் கிழக்கையும் ஒருசேரக் குறிப்பது. மதுரையின் கீழ மாசி வீதி பள்ளத்தில் இருப்பதால் அந்தப் பெயரைப் பெறவில்லை. கிழக்கே இருப்பதால் பெற்றது. ஷிதாமச்சியோ தாழ்ந்தும் இருக்கிறது, கிழக்கிலும் இருக்கிறது. ஜப்பானியச் சொல்லில் திசை இல்லை. தமிழ் அதையும் சேர்த்தே தருகிறது.

மச்சியை வெறும் ‘ஊர்’ என்று விட எனக்கு மனமில்லை. அதே எழுத்தைச் ‘சோ’ என்றும் படிப்பார்கள். டோக்கியோவின் கான்டாவில் இன்றும் கோன்யாசோ, காஜிசோ என்ற பகுதிகள் உண்டு: முன்னது சாயக்காரர்களுடையது, பின்னது கொல்லர்களுடையது. தொழிலும் வணிகமும் கூடி வாழும் இடத்துக்கு நம் சொல் பேட்டை. நெசவாளர்களுக்காக உருவான சிந்தாதிரிப்பேட்டை நினைவுக்கு வருகிறது. ஆகவே கீழப்பேட்டை. கீழூர் என்றால் இளக்காரம் தொனிக்கிறது. ஷிதாமச்சிக்கும் ஒரு காலத்தில் அந்தத் தொனி இருந்ததுதான். இன்று அதைச் சொல்பவர் குரலில் பாசமே மேலோங்கியிருக்கிறது.

பழமையைத் தேடிப் போகிறவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1923 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயும், 1945 மார்ச் 10 விமானத் தாக்குதலும் இந்தத் தாழ்நிலத்தைப் பெரிதும் சாம்பலாக்கின. அசாகுசாவின் சென்சோ-ஜி கோயில் தோன்றியது 628இல் என்பது ஐதீகம். இன்று நாம் கும்பிடும் பிரதான மண்டபம் 1958இல் எழுப்பியது. வாசலில் தொங்கும் சிவப்புக் காகித விளக்கு 3.9 மீட்டர் உயரம். அதைப் படமெடுத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், மரத்தில் செதுக்கிய டிராகன் ஒன்று சுருண்டு கிடக்கும். புயல் வரும் நாளில் விளக்கையே மடித்துச் சுருக்கி மேலே ஏற்றிவிடுவார்கள்.

யானகா பெரும்பாலும் தப்பித்தது. அதனால் பழைய மரவீடுகளையும் சந்துகளையும் அங்கேதான் பார்க்க முடிகிறது. ஆனால் அதன் கோயில்கள் பலவும் மேட்டில் இருப்பவை. கறாரானவர்கள் யானகாவை ஷிதாமச்சி என்று ஒப்புவதில்லை. சொல் நிலத்தைவிட்டு வாழும் முறைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. நிப்போரி நிலையத்திலிருந்து வந்தால் ‘யூயாகே தான்தான்’ என்ற படிக்கட்டு, அதாவது அந்திச் செவ்வானப் படிகள். இறங்கினால் கடைத்தெரு. அந்தி தெரிகிறதென்றால் படிகள் மேற்கே இறங்குகின்றன என்று பொருள். கீழப்பேட்டை என்ற என் சொல் அந்த இடத்தில் மட்டும் திசை தப்பிப்போகிறது.