ஓத்தர்: ஆக்கியோர் என்று சொல்லலாமா?

ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் படம் ஒன்றைப் போட்டு முடித்து விளக்கைப் போட்டதும் தொடங்கும் பேச்சில் இரண்டு குரல்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். “ஒவ்வொரு ஷாட்டிலும் பெர்க்மன் தெரிகிறார்” என்பார் ஒருவர். “அப்படியானால் கேமராமேன் எதற்கு?” என்பார் பின்வரிசையில் இருப்பவர். இரண்டாமவரைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. பெர்க்மனின் 1950களின் படங்கள் பலவற்றுக்குக் கேமரா பிடித்தவர் கன்னர் ஃபிஷர். கருப்பும் வெள்ளையும் கூர்மையாக மோதும் ஒளி அவருடையது. 1960க்குப் பிறகு அந்த இடத்துக்கு ஸ்வென் நிக்விஸ்ட் வந்தார். ஜன்னல் வழியே வருவது போன்ற மெல்லிய வெளிச்சம் முகங்களின் மேல் படரத் தொடங்கியது. ஒளியே இப்படி மாறியிருக்க, இரண்டையும் ‘பெர்க்மன் பாணி’ என்கிறோம். எந்த உரிமையில் அப்படிச் சொல்கிறோம்?

அந்த உரிமையைத் தந்த சொல்தான் ‘ஓத்தர்’: நாவலுக்கு எழுத்தாளர் போல, படத்துக்குச் சொந்தக் குரல் தரும் இயக்குநரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். தமிழில் ஆட்டர், ஓதர், ஆத்தர் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஓத்தர்தான் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இது கலைச்சொல்லே இல்லை, சாதாரணச் சொல். புத்தகம் எழுதியவர் ஓத்தர். குற்றம் செய்தவரைக்கூட ‘குற்றத்தின் ஓத்தர்’ என்பார்கள். பதிப்புரிமைக்கு அங்கே ‘ஓத்தர் உரிமை’ என்று பெயர். நாம் கலைப்படம் என்று சொல்வதை அவர்கள் ‘ஓத்தர் சினிமா’ என்கிறார்கள். இந்த வேறுபாடு முக்கியமானது. நம்முடைய சொல் படத்தின் தரத்தைச் சுட்டுகிறது, அவர்களுடையது படத்துக்குப் பின்னால் நிற்கும் ஆளைச் சுட்டுகிறது.

மூலம் லத்தீன். ‘ஔகேரே’ என்றால் வளர்த்தல், பெருக்குதல். அதிலிருந்து ‘ஔக்தோர்’: ஒன்றை வளரச் செய்பவர், தோற்றுவிப்பவர். ரோமானியச் சட்டத்தில் ஒரு பொருளை விற்று, அதன் உரிமைக்கு உறுதி சொல்பவரும் ஔக்தோர்தான். ஆங்கிலத்தில் ஏலத்துக்குச் சொல்லும் ‘ஆக்‌ஷன்’ என்ற சொல்லும் இதே வேரில் வந்ததே, ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போகிறது அல்லவா? ஆக, வளர்ப்பதும் பொறுப்பேற்பதும் இந்தச் சொல்லின் அடியில் கிடக்கும் பொருள்கள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உண்டாக்குவது என்ற பொருள் அங்கே அழுத்தம் பெறவில்லை. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், தமிழுக்கு வரும்போது தேவைப்படும்.

சினிமாவுக்கு இந்தச் சொல் வந்த வழி நேரானதல்ல. ஜெர்மனியில் 1913 வாக்கில் ‘ஔடோரன்ஃபில்ம்’ என்றால் பேர்பெற்ற எழுத்தாளர் எழுதிக் கொடுத்த படம். ஐம்பது ஆண்டு கழித்து அதே சொல் அதே நாட்டில் இயக்குநரின் தனிமுத்திரை கொண்ட படத்தைக் குறித்தது. எழுத்தாளரிடமிருந்து இயக்குநருக்குச் சொல் கைமாறிய இடம் பாரிஸ். 1948இல் விமர்சகர் அலெக்சாந்தர் அஸ்த்ருக், கேமரா ஒரு பேனாவாக வேண்டும், எழுத்தாளர் பேனாவால் எழுதுவது போல இயக்குநர் கேமராவால் எழுத வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1951இல் விமர்சகர் ஆந்த்ரே பஸானும் நண்பர்களும் ‘கய்யே து சினிமா’ இதழைத் தொடங்கினார்கள். 1954 ஜனவரியில் அதில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பின்னாளில் இயக்குநரான ஃபிரான்சுவா த்ரூஃபோ, அப்போது அவருக்கு வயது 21.

அன்றைய பிரெஞ்சு சினிமாவில் பெரிய கை ழான் ஒராஞ்ச், பியேர் போஸ்த் என்ற திரைக்கதை இணை. நாவலில் படமாக்க முடியாத காட்சி வந்தால் அதற்கு ஈடான வேறொரு காட்சியைக் கற்பித்து வைக்கலாம் என்பது அவர்கள் வழி. படமாக்க முடியாத காட்சி என்று ஒன்று உண்டா என்று த்ரூஃபோ திருப்பிக் கேட்டார். பெர்னானோஸின் நாவலை ஒராஞ்ச் திரைக்கதையாக்கியிருந்த விதத்தையும், அதே நாவலை ரொபேர் ப்ரெஸ்ஸோன் 1951இல் படமாக்கிய விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எழுத்தாளர் எழுதித் தர, இயக்குநர் அதற்குப் படம் மட்டும் சேர்ப்பது போதாது என்பதே அவர் வாதம். வெறுப்பு தெறிக்கும் கட்டுரைதான், பல இடங்களில் நியாயமற்றதும்கூட. ஆனாலும் கலைக்காக ஒருவர் இவ்வளவு கோபப்படுவதைப் படிக்கும்போது எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது. பின்னாளில் இயக்குநர் பெர்த்ரான் தவெர்னியே தன் 1974 படத்துக்கு அதே ஒராஞ்சையும் போஸ்தையும் தேடிப் பிடித்து எழுத வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

1955இல் இயக்குநர் ழாக் பெக்கரின் ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது த்ரூஃபோ ‘பொலிதீக் தே ஓத்தர்’ என்ற தொடரை வைத்தார். ‘பொலிதீக்’ என்பதைக் கோட்பாடு என்று மொழிபெயர்ப்பது தவறு. அது கொள்கை, நிலைப்பாடு. இவர் நம் ஆள், இவருடைய சுமாரான படத்தையும் விடாமல் பார்ப்போம், எல்லாப் படங்களையும் ஒரே மனிதரின் தொடர்ச்சியாக வாசிப்போம் என்று எடுத்துக்கொண்ட முடிவு அது. 1962இல் அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் இதை ஆங்கிலத்தில் ‘தியரி’ ஆக்கினார். மறு ஆண்டே இன்னொரு அமெரிக்க விமர்சகரான பாலின் கேல் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார். நமக்கு ‘ஓத்தர் கோட்பாடு’ என்ற பெயர் ஆங்கிலத்தின் வழியாகத்தான் வந்தது. அதனால்தான் நம் விவாதங்களில் அது ஏதோ நிரூபிக்க வேண்டிய சூத்திரம் போல நிற்கிறது.

என்னைக் கேட்டால் இந்தச் சண்டை முழுவதிலும் தெளிவாகப் பேசியவர் பஸான்தான். தன் இதழின் இளைஞர்களையே 1957 ஏப்ரலில் கண்டித்து எழுதினார். ஓத்தர்தான், சந்தேகமில்லை, ஆனால் எதனுடைய ஓத்தர் என்று கேட்டு முடித்தார். ஆளைப் புகழும் அவசரத்தில் படத்தைப் பார்க்காமல் விடுகிறீர்களே என்ற வருத்தம் அது. அடுத்த ஆண்டு நவம்பரில், த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கிய மறுநாள், பஸான் இறந்துபோனார். வயது 40. அந்தப் படம் அவருக்குத்தான் காணிக்கையானது.

பஸானின் கேள்வியை ஒரு படத்தில் வைத்துப் பார்க்கலாம். 1960 மே மாதம் கான் திரைப்பட விழாவில் இத்தாலிய இயக்குநர் மிக்கேலாஞ்செலோ அன்டோனியோனியின் ‘லவெந்தூரா’ திரையிடப்பட்டபோது அரங்கில் கூச்சல் எழுந்தது. ஒரு தீவில் அன்னா என்ற பெண் காணாமல் போகிறாள், தேடுகிறார்கள், கொஞ்ச நேரத்தில் படம் அவளையே மறந்துவிடுகிறது. கடைசிவரை அவள் கிடைப்பதில்லை. பார்த்தவர்கள் பொறுமை இழந்ததில் வியப்பில்லை. மறுநாள் இயக்குநர் ரொசெல்லினி உள்ளிட்ட பலர் கையெழுத்திட்டுப் படத்துக்கு ஆதரவாக அறிக்கை விட்டார்கள். நடுவர் குழுவும் அதற்குப் பரிசு கொடுத்தது. 1962இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் விமர்சகர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் இரண்டாம் இடம். 1992இல் முதல் பத்தில் இல்லை. படம் மாறவில்லை, பார்ப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

ஓத்தர் தியரியை மறுத்த பாலின் கேல் இந்தப் படத்தை மனதாரப் புகழ்ந்தவர். அதே இயக்குநரின் அடுத்த படமான ‘லா நோத்தே’யைத் தாக்கியவரும் அவரே. அது அவருடைய நேர்மை. ஆனால் அன்டோனியோனியைத் தொடர்ந்து பார்த்தவருக்கு இன்னொன்று கிடைக்கும். ஆள் வெளியேறிய பிறகும் காலியிடத்தைக் கேமரா பார்த்துக்கொண்டே நிற்பது அவருடைய ஒரு படத்தில் தற்செயலாகத் தோன்றலாம். மூன்றாவது படத்திலும் வரும்போது ஒருவர் நம்மிடம் ஏதோ சொல்கிறார் என்று புரிகிறது. ஓத்தர் என்ற சொல்லின் பயன் இவ்வளவுதான், இதுவே பெரிய பயன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இன்னும் சுவை. 1957 மார்ச்சில் வந்த பிரெஞ்சுச் சட்டம் திரைக்கதை, தழுவல், வசனம் எழுதியவர்கள், படத்துக்கென்றே இசையமைத்தவர், இயக்குநர் ஆகிய எல்லோரையும் ஓத்தர்களாகக் கருதுகிறது. கேமராமேன் அந்தப் பட்டியலில் இல்லை. பின்வரிசைக்காரரின் கேள்வி அங்கே இன்னும் அப்படியே கிடக்கிறது. அதே 1957இல் இயற்றப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு திரைப்படத்தின் ‘ஆத்தர்’ தயாரிப்பாளர்!

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இயக்குநர்’ வேலையின் பெயர். எல்லாப் படத்துக்கும் ஓர் இயக்குநர் உண்டு, எல்லோரும் ஓத்தர் இல்லை. ஈழத்து நாடக வழக்கில் உள்ள ‘நெறியாளர்’ அழகான சொல், ஆனால் அதுவும் வேலையைத்தான் குறிக்கிறது. ‘ஆசிரியர்’ என்றவுடன் பள்ளிக்கூடமும் பத்திரிகை அலுவலகமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. பெரும்பாலோர் கையாளும் சொல் ‘படைப்பாளி’. எனக்கு அதில் இரண்டு குறை. எழுதுகிற, வரைகிற எல்லோருக்கும் அது பொதுவாகிவிட்டது. அதைவிட, படைத்தல் என்றால் இல்லாததை உண்டாக்குவது, படைத்தவன் என்றால் கடவுள். சினிமா அப்படி உண்டாவதில்லை. ஒளிப்பதிவாளரும் நடிகரும் எழுத்தாளரும் கொண்டுவந்து கொடுத்ததை ஒருவர் சேர்த்து வளர்த்தெடுப்பது அது.

நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது. ஒரு நூலின் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்ல வந்த நன்னூல், “ஆக்கியோன் பெயரே வழியே எல்லை” என்று தொடங்குகிறது. நூலை ஆக்கியவர் பெயர் முதலில் வர வேண்டும், அவர் பொறுப்பேற்க வேண்டும். ‘ஆக்கம்’ என்ற சொல்லுக்கு உருவாக்குதல் என்றும் பொருள், வளர்ச்சி, செல்வம் என்றும் பொருள். “ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்” என்ற குறளில் வருவது இரண்டாவது பொருள். லத்தீன் ஔக்தோரில் பார்த்த வளர்ப்பும் ஆக்குதலும் இங்கே ஒரே சொல்லில் கூடியிருக்கின்றன. ஒலியும் கொஞ்சம் ஒத்துப்போகிறது, அது தற்செயல். அதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம். அப்புறம், சோறு ஆக்குவதும் ஆக்குவதுதான். நெல் விளைத்தவர் வேறு, குத்தியவர் வேறு, உலையில் போட்டுப் பதம் பார்த்து இறக்குபவர் வேறு. பக்குவத்துக்குப் பொறுப்பு கடைசி ஆளுடையது. ஓத்தருக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. ‘ஆக்கியோன்’ ஆண்பால். 1954இல், த்ரூஃபோ தாக்கி எழுதிய அதே ஆண்டில், சேத் என்ற மீனவ ஊருக்குச் சென்று தன் முதல் படத்தை எடுத்தவர் அஞ்ஞேஸ் வார்தா என்ற பெண். எழுதுவது, எடுப்பது, வெட்டுவது எல்லாம் சேர்ந்ததே சினிமா எழுத்து என்று அதற்கெனத் தனிச்சொல்லே உண்டாக்கியவர். அவரை விட்டுவிடும் சொல் நமக்கு வேண்டாம். ‘ஆக்கியோர்’ என்றால் எல்லோருக்கும் பொருந்தும், மரியாதையும் சேர்ந்துவிடும். பொலிதீக் தே ஓத்தர் என்பதை ‘ஆக்கியோர் கொள்கை’ என்றும், ஓத்தர் சினிமாவை ‘ஆக்கியோர் சினிமா’ என்றும் எழுதலாம்.

‘லவெந்தூரா’வுக்கு ஒரு திரையிடல் குறிப்பு எழுதுவதானால் நான் இப்படி எழுதுவேன்: ஆக்கியோர், மிக்கேலாஞ்செலோ அன்டோனியோனி. திரைக்கதையில் உடன் எழுதியோர், எலியோ பார்த்தொலினி, தொனினோ குவேர்ரா. ஒளிப்பதிவு, ஆல்தோ ஸ்கவார்தா. இசை, ஜொவான்னி ஃபுஸ்கோ.