இலவசத் தீம் தளத்துக்குச் சர்வர் வாடகை கட்டுவது யார்?

கடையின் பெயரைக் கூகுளில் தேடினால், அதே முகவரியின்கீழ் ஜப்பானிய எழுத்துகளில் கைப்பையும் காலணியும் விற்பனைக்கு வருகின்றன. இந்த வாரமும் அப்படி ஒரு தளம் என் மேசைக்கு வந்தது. கோப்புகளைத் திறக்கும் முன்பே, தளத்தின் தோற்றத்தைத் தரும் ஆயத்த வார்ப்பான தீம் பற்றிக் கேட்டேன்: "தீம் எங்கே வாங்கியது?" வழக்கமான பதில்தான். வடிவமைத்துக் கொடுத்த தம்பி எங்கோ இலவசமாக இறக்கியிருக்கிறார்.

இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்குக் காசு கொடுத்து வாங்கவேண்டிய தீம்களை, உரிமச் சாவி கேட்காதபடி மாற்றி, 'நல்டு' என்று பெயர் சூட்டி அள்ளிக் கொடுக்கும் தளங்கள் ஏராளம். இவர்களுக்கு என்ன லாபம் என்று யாராவது யோசிக்கவேண்டாமா? தீமுக்குள் ஒளித்துவைக்கும் தீநிரல் வழியே உங்கள் தளம் அவர்கள் கைக்குப் போவதுதான் லாபம். 2014இல் நெதர்லாந்தின் ஃபாக்ஸ்-ஐடி நிறுவனம் கிரிப்டோபிஎச்பி என்ற தீநிரலை அம்பலப்படுத்தியது. வேர்ட்பிரஸ், அதைப் போன்ற ஜூம்லா, ட்ருபால் மூன்றுக்குமான திருட்டுத் தீம்களிலும், பிளகின் எனும் கூடுதல் வசதி நிரல்களிலும் அது ஒளிந்திருந்தது. நுழைவாயில் ஒரே ஒரு வரி: சோஷியல் டாட் பிஎன்ஜி என்ற 'படத்தை' நிரலாக இயக்கச் சொல்லும் வரி. படக்கோப்பை எதற்கு இயக்கவேண்டும் என்று எந்த நிரலாளருக்கும் உறுத்தும், திறந்து பார்த்திருந்தால். பின்னர் வந்த டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல், அதே சர்வரில் சும்மா கிடக்கும் மற்றத் தீம்களுக்குள்ளும் தன்னை எழுதிக்கொண்டது.

"நான் திறந்து பார்த்தேன் சார், தளம் நன்றாகத்தான் இருக்கிறது."

கடைக்காரர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டாலே எனக்குத் தலைவலி வருகிறது. நன்றாகத்தான் இருக்கும்; உங்களுக்கு அப்படித் தெரியவேண்டும் என்றுதானே தீநிரலை எழுதியிருக்கிறான்! வருவது யார் என்று நிரல் முதலில் பார்த்துக்கொள்ளும். நிர்வாகியாக உள்நுழைந்தவரா? ஒழுங்கான பக்கம். முகவரியை நேராகத் தட்டியவரா? அப்போதும் ஒழுங்கான பக்கம். கூகுளின் தேடல் ரோபோவா? போலிச் சரக்குப் பக்கங்கள். தேடல் முடிவைச் சொடுக்கி வந்தவரா? வேறொரு கடைக்குத் துரத்தல். மனைவியின் மொபைலில் பார்த்தேன், மைத்துனரின் கணினியில் பார்த்தேன் என்கிறீர்கள். எல்லோரும் முகவரியைத் தட்டித்தானே பார்த்தீர்கள்? முகவரிக்கு எச்டிடிபிஎஸ் பாதுகாப்பு இருக்கிறதே என்று இன்னொரு சமாதானம். அது வழிப்பறியைத் தடுக்கும் காவல்; வீட்டுக்குள் குடியேறிவிட்டவனை ஒன்றும் செய்யாது.

சரியாகப் பார்க்கும் முறை எளிது. கூகுள் தேடலில் ஆங்கிலத்தில் சைட் (site) என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைச் சேருங்கள். நீங்கள் எழுதாத பக்கங்கள் பட்டியலில் வந்தால் தளம் கைமாறிவிட்டது. தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பது புதிதல்ல.

இளம் வடிவமைப்பாளர்கள் சிலர் என்னிடம் சட்டம் பேசுகிறார்கள்: யாரும் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமம் உள்ள தீம்தானே, பகிர்ந்தால் என்ன? பகிரலாம். இடையில் கைவைத்தவன் எதைச் சேர்த்தான் என்பதற்கு அந்த உரிமம் ஜவாப்தாரி அல்ல.

மாட்டிக்கொண்டவர்கள் அந்தத் தீம் கோப்புறையை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவேண்டாம். அது நிறுவப்பட்ட பிறகு எடுத்த காப்புப் பிரதியை மீட்பதும் வீண்வேலை. நோயும் சேர்ந்தே திரும்பிவரும். வேர்ட்பிரஸ் மூலக் கோப்புகள், பிளகின்கள் எல்லாவற்றையும் அதிகாரபூர்வ இடத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். அறியாத நிர்வாகிக் கணக்குகளை நீக்குங்கள். ஹோஸ்டிங், தரவுத்தளம் உட்பட எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். பயன்படுத்தாத பிளகின்களைச் செயலிழக்க வைத்தால் போதாது, அழித்துவிடுங்கள். கோப்பு சர்வரில் இருக்கும்வரை அதை வெளியிலிருந்து நேராக அழைக்கமுடியும்.

பணம் இல்லை என்றால் தயவுசெய்து நேர்மையான இலவசத்தைத் தேடுங்கள். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தொகுப்பில் உள்ள தீம்கள் பரிசீலனைக்குப் பிறகே அங்கே சேர்கின்றன. சிறிய கடைக்கு வேர்ட்பிரஸுடன் வரும் தீம் ஒன்றே போதும். தமிழ் எழுத்துருவுக்கும் கள்ளச்சந்தை வேண்டியதில்லை: ஹிந்த் மதுரை, முக்த மலர், மீரா இனிமை, கவிவனார் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்துடன் கிடைக்கின்றன.

தளம் செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், கட்டணத் தீம் என்றால் உங்கள் பெயரில் வாங்கிய ரசீதையும் உரிமச் சாவியையும் கேளுங்கள். ரசீது தொலைந்துவிட்டது என்றால், விற்பனையாளரின் தளத்தில் உங்கள் எதிரிலேயே உள்நுழைந்து காட்டச் சொல்லுங்கள்.