பந்தயத் தளத்துக்கு உண்மையில் உரிமம் உண்டா? பணம் கட்டும் முன் பாருங்கள்

விளையாட்டுப் பந்தயம் நடத்தும் இணையதளத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு முத்திரையும் உரிம எண்ணும் இருக்கும். அதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். முத்திரை வெறும் படம், யார் வேண்டுமானாலும் நகலெடுத்து ஒட்டலாம். உரிமம் உண்டா இல்லையா என்பதற்கு, அதைக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஆணையத்தின் பதிவேடுதான் சாட்சி.

பிரிட்டன், மால்டா ஆகிய இரு நாடுகளின் சூதாட்ட ஆணையங்களும் உரிமம் பெற்றவர்களின் பட்டியலை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. தளத்தில் இருக்கும் முத்திரையைத் தொட்டு அங்கே போகாதீர்கள். ஆணையத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். போலித் தளம் செய்பவருக்குப் போலிப் பதிவேட்டுப் பக்கம் செய்வதும் எளிதுதான். நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. அதன் கீழே பதிவான இணைய முகவரிகளைப் பாருங்கள். நீங்கள் திறந்திருக்கும் முகவரி எழுத்துக்கு எழுத்து அங்கே இருக்க வேண்டும். நடுவில் ஒரு கோடு கூடியிருந்தாலும், கடைசியில் வரும் ‘டாட் காம்’ வேறொன்றாக மாறியிருந்தாலும் அது வேறு தளம். உரிமம் நடப்பில் இருக்கிறதா, இடைநிறுத்தப்பட்டதா, திருப்பி ஒப்படைக்கப்பட்டதா என்பதையும் பாருங்கள்.

எந்த நாட்டின் உரிமம் என்பதும் முக்கியம். மால்டாவில் உரிமம் வாங்கிய தளம் உலகம் முழுக்கச் சட்டப்படியானது ஆகிவிடாது. 2014 முதல், பிரிட்டனில் இருப்பவர்களுக்குப் பந்தயம் நடத்தும் நிறுவனம் எங்கிருந்து இயங்கினாலும் பிரிட்டனின் உரிமம் பெற வேண்டும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025-இல் சட்டம் இயற்றித் தடை செய்தது. அங்கே வெளிநாட்டு உரிமத்தைக் காட்டுவதில் பயனில்லை. கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவில் முன்பு ஒரு சில தலைமை உரிமதாரர்களே மற்றவர்களுக்குத் துணை உரிமம் கொடுத்துவந்தார்கள். 2024 டிசம்பரில் வந்த புதிய சட்டத்தின்படி ஆணையமே நேரடியாக உரிமம் தருகிறது.

உரிமம் இருந்தாலே கட்டிய பணம் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிறுவனம் திவாலானால் வாடிக்கையாளர் பணம் என்னவாகும் என்பதைப் பிரிட்டனின் உரிமதாரர்கள் தங்கள் நிபந்தனைகளிலேயே சொல்லியாக வேண்டும். அதற்கு மூன்று நிலைகள்: பாதுகாப்பு இல்லை, நடுத்தரம், உயர்வு. முதல் நிலை என்றால், உங்கள் கணக்கில் இருக்கும் பணமும் நிறுவனத்தின் சொத்தோடு சேர்ந்து கடன்காரர்களுக்குப் போகலாம். இந்த ஒரு வரியைத் தேடிப் படிக்காமல் பெரிய தொகையைக் கணக்கில் விட்டுவைக்கவே கூடாது.

உலாவியில் தெரியும் பூட்டுச் சின்னத்தையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது உறுதி. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பது அதற்குத் தெரியாது. பூட்டுச் சின்னம் வரத் தேவையான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, மோசடித் தளங்களிலும் அதைப் பார்க்கலாம்.

வயதுச் சான்றும் அடையாள அட்டையும் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். ஒழுங்கான ஆணையங்கள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆனால் ஓடிபியோ கார்டின் ரகசிய எண்ணோ (PIN) கேட்டால் உடனே விலகுங்கள். தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னாலும், ஜெயித்த பணத்தை எடுக்க முதலில் ‘வரி’ கட்டச் சொன்னாலும் அது மோசடிதான். அந்த ‘வரி’யைக் கட்டினால் அடுத்து இன்னொரு கட்டணம் வரும்.

உரிமம் பெற்ற தளத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய உரிமை, முறையிட ஓர் இடம் இருப்பது. பிரிட்டனில் முதலில் நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டும். 8 வாரங்களில் தீராவிட்டால், அந்த நிறுவனம் தன் நிபந்தனைகளில் குறிப்பிட்டிருக்கும் சுயேச்சையான தகராறு தீர்ப்பு அமைப்பிடம் செலவில்லாமல் போகலாம். பணம் கட்டிய ரசீது, பந்தயத்தின் விவரம், அன்றைக்கு இருந்த போனஸ் நிபந்தனை ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நிபந்தனைகள் பின்னால் மாறக்கூடும்.