மறைமாவட்டமா, மண்டலமா?

தொடக்ககாலப் பைசாந்தியப் பேரரசை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசைப் பற்றித் தமிழில் எழுதுவோர், சின்ன ஆசியாவின் பொந்துஸ் ‘மறைமாவட்டத்தின்’ (ஆயர் ஒருவரின் ஆட்சிப்பகுதி) ‘குருமுதல்வர்’ (ஆயருக்கு அடுத்த நிலைக் குரு) வரி வழக்குகளை விசாரித்தார் என்கிற போக்கில் எழுதுவதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. அந்த மனிதர் குரு அல்லர். அவர் ஆண்ட நிலப்பரப்புக்கு மறையோடு தொடர்பும் இல்லை.

மறைமாவட்டம் என்று இவர்கள் பெயர்க்கும் டயோசிஸ் என்பதன் மூலம் ‘தியோய்கேசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல். வீட்டைக் குறிக்கும் ‘ஓய்கோஸ்’ அதன் அடி. நிர்வாகம் என்பது பொருள். ரோமப் பேரரசர் தியோக்ளேசியன் (284–305) காலத்தில் மாகாணங்கள் சிறுசிறு துண்டுகளாகி ஏறத்தாழ நூறாகப் பெருகின. அவற்றைச் சேர்த்துக் கட்டிய பெரும்பிரிவுகளுக்கு இப்பெயர் வழங்கியது. மாகாணங்களின் பெயர்களைத் தரும் பழைய வெரோனாப் பட்டியலில் அவை 12. ஒவ்வொன்றுக்கும் ‘விக்காரியுஸ்’, அதாவது தலைமை நிர்வாகிக்குப் பதிலாகச் செயல்படும் அரசு அதிகாரி, பொறுப்பாக இருந்தார்; ‘குருமுதல்வர்’ என்று பெயர்க்கப்படுபவர் இவரே.

இதனை மறைமாவட்டம் என்பதில் முதற்பிழை அளவைப் பற்றியது. மாவட்டம் மாகாணத்துக்குள் அடங்குவது; இங்கோ பல மாகாணங்கள் ஒரு ‘மாவட்டத்துக்குள்’ அடங்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது பிழை இன்னும் கெடுதலானது. 381ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் திருச்சபைச் சங்கத்தின் இரண்டாம் விதி, எகிப்து, கிழக்கு, ஆசியா, பொந்துஸ், திராக்கியா ஆகிய தியோய்கேசிஸ்களின் ஆயர்கள் தத்தம் எல்லையைத் தாண்டித் தலையிடக் கூடாது என்கிறது. மறைமாவட்டம் என்று பெயர்த்தால், எகிப்து முழுமைக்கும் ஒரே ஆயர் இருந்ததாக வாசகர் எண்ணுவார். ஆனால் அலெக்சாந்திரியாவின் தலைமையில் எகிப்திலும் லிபியாவிலும் நூறு அளவில் ஆயர்கள் இருந்தார்கள். திருச்சபை தன் எல்லைகளை அரசின் எல்லைகள்மேல் பொருத்திக்கொண்டது என்பதே அவ்விதி காட்டும் வரலாறு. மொழிபெயர்ப்பு அதைத்தான் அழித்துவிடுகிறது.

இன்று திருச்சபை அப்படித்தானே வழங்குகிறது என்பார்கள். வழங்கட்டும், இன்றைய ஆயரின் ஆட்சிப்பகுதிக்கு அது நல்ல சொல்லே. ஆனால் அக்காலத்தில் ஆயரின் பகுதிக்குக் கிரேக்கர் பெரும்பாலும் ‘பரோய்கியா’ என்றனர். நாம் இப்போது பங்கு என்கிற, ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சிறு பிரிவுக்கான ஐரோப்பியச் சொற்கள் அதிலிருந்தே வந்தவை. அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, எந்த நூற்றாண்டைப் பற்றி எழுதுகிறோம் என்று திரும்பிப் பாராத பழக்கத்தை என்னவென்பது?

என் தேர்வு மண்டலம். சோழர் ஆட்சியில் வளநாடுகளையும் நாடுகளையும் உள்ளடக்கிய பெரும்பிரிவுக்கு அதுவே பெயர், அளவு பொருந்துகிறது. திருநெல்வேலியில் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையார் அதன்முன் ‘திரு’ சேர்த்துத் திருமண்டலம் ஆக்கிக்கொண்டார்கள். அரசின் சொல் திருச்சபைக்குப் போன அதே வழி தமிழிலும் உண்டு. விக்காரியுஸை மண்டலப் பதிலதிகாரி எனலாம். பேரரசர் யுஸ்தினியன் 535இல் ஆசியாவிலும் பொந்துஸிலும் ஒழித்தது இந்தப் பதவியைத்தான். ‘குருமுதல்வர்’ என்று எழுதினால், பேரரசர் திருச்சபைப் பதவிகளில் கைவைத்தார் என்றல்லவா ஆகிவிடும்?