பழைய ட்ரெயிலரின் அலுமினியப் பட்டைகளுக்கு மெருகேற்றுவோர் கவனத்திற்கு

அமெரிக்காவில் 1940-களிலிருந்து 1960-கள் வரை செய்யப்பட்ட கேம்பர் ட்ரெயிலர்களை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளை, வாங்கிச் சொந்தக் கையால் புதுப்பிப்பவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓஹையோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டரில் இன்றும் தயாராகும் ஏர்ஸ்ட்ரீம், துல்சாவில் விமானம் கட்டிக்கொண்டிருந்த ஸ்பார்ட்டன் நிறுவனம் போர் முடிந்தபின் செய்த ட்ரெயிலர்கள், பின்புறம் சிறகு வைத்த ஷாஸ்டா என்று எதை எடுத்தாலும், மூலைகளை மூடும் பட்டை, கதவுக்கு மேல் மழைநீரை ஒதுக்கிவிடும் பட்டை, ஜன்னல் சட்டம் என ஏதாவதோர் இடத்தில் அலுமினியம் வெளியே தெரியும்படி இருக்கும். அது மங்கிச் சாம்பல் நிறமாகியிருப்பதைப் பார்த்தவுடன், வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்ப்பதுபோல எதையாவது பூசித் தேய்த்தால் போதும் என்று பலர் இறங்கிவிடுகிறார்கள். உலோகங்களுக்கு மெருகேற்றுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: மெருகு என்பது மேலே பூசுவதால் வருவதன்று, மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதால் வருவது. ஆகவே, எடுக்கப்போவது எதை என்று தெரியாமல் இயந்திரத்தைக் கையில் எடுக்கக் கூடாது.

ஒரே ட்ரெயிலரில் ஒட்டி நிற்கும் இரண்டு அலுமினியங்கள் ஒரே வகையாக இருப்பதில்லை. ஏர்ஸ்ட்ரீம் போன்றவற்றின் உடல் தகடு பெரும்பாலும் ஆல்கிளாட் எனப்படுவது. வலிமையான, ஆனால் எளிதில் அரிக்கக்கூடிய கலப்பு அலுமினியத்தின் இரு பக்கமும் ஏறத்தாழத் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாக அழுத்தி ஒட்டிய தகடு அது. சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் அந்தப் படலம் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு, அதாவது 0.04 மில்லிமீட்டர்தான். கண்ணாடிபோலப் பளபளப்பதும் அதுதான், உள்ளே இருக்கும் கலப்பு உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பதும் அதுதான். பட்டைகளோ அச்சின் வழியாகப் பிதுக்கி எடுக்கப்பட்டவை. மேலிருந்து அடிவரை ஒரே உலோகம். எனவே பட்டையில் கீறல் ஆழமாக இருந்தால் 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 800, 1000 என்று தண்ணீர் விட்டுத் துணிந்து தேய்க்கலாம். அதே கையோடு பக்கத்துத் தகட்டிலும் தேய்த்தால் படலம் போய்விடும். அந்த இடம் பின்னர் எத்தனை முறை மெருகேற்றினாலும் மந்தமான திட்டாகவே நிற்கும். பட்டையைக் கழற்றாமல் அங்கேயே வைத்து மெருகேற்றுகிறவர்களுக்கு நேரும் இழப்பு பெரும்பாலும் இதுதான். கழற்ற முடியாத நிலையில், குறைந்தபட்சம் தகட்டின்மேல் இரண்டு மூன்று அடுக்கு நாடாவாவது ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பட்டையின் மேற்பரப்பு வெறும் உலோகமா என்று பார்க்க வேண்டும். சிறிது மெருகுப் பசையைத் துணியில் எடுத்து, கண்ணில் படாத ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணி சில நொடிகளில் கருத்தால் அது வெறும் அலுமினியம். கருக்கவே இல்லையென்றால் மேலே லாக்கர் என்னும் தெளிந்த பூச்சோ அனோடைஸ் படலமோ இருக்கிறது என்று கொள்ளலாம். மல்டிமீட்டர் என்னும் மின் அளவுக் கருவி வைத்திருப்பவர்கள் அதன் இரு முனைகளையும் குத்தாமல், பக்கவாட்டில் படுக்கவைத்துத் தொட்டுப் பார்க்கலாம். வெறும் உலோகத்தில் மின்சாரம் பாயும், இந்த இரண்டு படலங்களிலும் பாயாது. குத்தினால் முனை படலத்தைக் கிழித்து உலோகத்தைத் தொட்டுப் பொய்யான விடையைத் தரும். இரண்டில் எது என்று அறிய லாக்கர் தின்னர் நனைத்த பஞ்சு போதும்: லாக்கர் பிசுபிசுக்கும், அனோடைஸ் அசையாது.

அனோடைஸ் என்பது அலுமினியத்தின் சொந்த ஆக்சைடையே மின்வேதி முறையில் தடிமனாக வளர்த்த படலம். உலோகத்தைவிடப் பலமடங்கு கடினமானது. அதன்மேல் பஃபிங் சக்கரத்தை, அதாவது மெருகேற்றும் துணிச் சக்கரத்தை, வைத்து மணிக்கணக்கில் தேய்த்தால் பட்டை சூடேறி வளையுமே தவிர மெருகு ஏறாது. அந்தப் படலம் நல்ல நிலையில் இருந்தால் சோப்புநீரில் கழுவி அப்படியே விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. அது மங்கலாகத் தெரிந்தாலும் அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தன் வேலையைச் செய்திருக்கிறது. எடுத்தே தீர வேண்டுமென்றால் வழக்கமான வழி காஸ்டிக் சோடா. அது படலத்தைக் கரைத்து முடித்ததும் நிற்காது, உலோகத்தையும் கரைக்கத் தொடங்கும். அப்போது குமிழியிட்டு வெளியேறுவது ஹைட்ரஜன் வாயு. மூடிய அறையிலோ, தீப்பொறி உள்ள இடத்திலோ, மூடியிட்ட பாத்திரத்திலோ இதைச் செய்யவே கூடாது. தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகக்கூடும் என்பதால், பக்கமும் மூடிய கண்ணாடி அணியாமல் அருகே போகாதீர்கள்.

லாக்கரை நீக்கும் மருந்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய குறிப்புகளில் பரிந்துரைக்கப்படும் பெயிண்ட் ரிமூவர்கள் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருந்தது. சுவாசத்தோடு உள்ளே போனால் உடலில் கார்பன் மோனாக்சைடாக மாறும் பொருள் அது. பொதுமக்களுக்கான பெயிண்ட் ரிமூவர்களில் அதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019-ல் தடைசெய்தது. கொட்டகையில் பழைய டப்பா கிடக்கிறதே என்று அதைத் திறக்க வேண்டாம். பட்டையின் ஓரத்தில் பழைய பெயிண்ட் படிந்திருந்தால் அதையும் உலர்வாகச் சுரண்டக் கூடாது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-ல்தான், இந்த ட்ரெயிலர்கள் அதற்கு முந்தியவை.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது லாரி கழுவும் கடைகளில் விற்கும் அலுமினிய பிரைட்டனர் என்ற திரவத்தைத்தான். தெளித்த சில நிமிடங்களில் பட்டை வெள்ளையாகிவிடுவதால் அதன்மேல் எல்லோருக்கும் ஆசை. அவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அம்மோனியம் பைஃப்ளூரைடோ இருக்கிறது. மற்ற அமிலங்கள் தோலில் பட்டவுடன் எரியும், நாமும் உடனே கழுவிவிடுவோம். நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அப்படியில்லை. வலியில்லாமல் தோலுக்குள் இறங்கி, பல மணி நேரம் கழித்தே வேதனையைத் தொடங்கும். உள்ளே போனதும் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அளவு மிகுந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். வாங்குமுன் அந்தத் திரவத்தின் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்கி, மூன்றாம் பகுதியில் உட்பொருள்களைப் பாருங்கள். அவ்விரு பொருள்களின் அடையாள எண்களான 7664-39-3, 1341-49-7 ஆகியவற்றில் ஒன்று அங்கே இருந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஏற்கெனவே பயன்படுத்திவிட்டீர்கள், விரல் நுனியில் காரணம் தெரியாத வலி என்றால், நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவ உதவியை நாடுங்கள். மருத்துவரிடம் திரவத்தின் பெயரைச் சொல்லுங்கள். இதற்கான முதலுதவி கால்சியம் குளுக்கோனேட் ஜெல், சாதாரணத் தீக்காய மருந்து அன்று.

இனி சக்கரத்துக்கு வருவோம். 8 அங்குலப் பஃபிங் சக்கரம் நிமிடத்துக்கு 3,450 சுற்றில் சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நாலடி, ஐந்தடி நீளமுள்ள மெல்லிய பட்டையின் ஓரத்தை அது கவ்விக்கொண்டால், பட்டை கையிலிருந்து பிடுங்கப்பட்டுச் சாட்டையாகச் சுழலும். பட்டையை அதன் பழைய திருகுத் துளைகளின் வழியாகவே ஒரு நேரான மரச்சட்டத்தில் முடுக்கிவிட்டு, சட்டத்தோடு சேர்த்துப் பிடிப்பதுதான் எங்கள் வழக்கம். சக்கரத்தின் நடு மட்டத்துக்குச் சற்றுக் கீழே பட்டையைத் தொடவிட வேண்டும். சக்கரம் பட்டையின் விளிம்பைத் தாண்டி வெளியே ஓட வேண்டுமே தவிர, விளிம்பை எதிர்த்து உள்ளே ஓடக் கூடாது. தளர்வான கையுறை, தொங்கும் சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி எதுவும் அருகில் ஆகாது.

சக்கரத்தின் கீழே கருப்பாகப் படியும் தூளை அழுக்கு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அதில் நுண்ணிய அலுமினியம் கலந்திருக்கிறது, காற்றில் பரவினால் அது வெடிமருந்துக்குச் சமம். 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில் கார் சக்கரங்களுக்கு மெருகேற்றும் ஆலையில் அலுமினியத் தூள் வெடித்ததில், பின்னர் மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 146 பேர் மாண்டார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்ததும் இதே வேலைதான். வீட்டுக் கொட்டகையில் சேரும் தூள் அந்த அளவு இராது என்றாலும், இரும்பு தேய்க்கும் கிரைண்டரிலேயே அலுமினியத்தையும் தேய்ப்பதை எந்த அளவிலும் நான் ஏற்கமாட்டேன். இரும்பின் தீப்பொறி, துருத்தூள், அலுமினியத் தூள் ஆகியவை ஓரிடத்தில் சேர்வது தெர்மிட்டுக்கான, அதாவது கடுஞ்சூட்டில் எரியும் இரும்புத்துரு–அலுமினியக் கலவைக்கான, பொருள்களைக் கூட்டிவைப்பதற்கு ஒப்பாகும். தூளைக் காற்றழுத்தக் குழாயால் ஊதாதீர்கள். சாதாரண வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். மென்மையான துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டி எடுங்கள். அது தீப்பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை மேலும் வளர்க்கும்; உலோகத் தீக்கென்று உள்ள டி வகைத் தீயணைப்புப் பொடியோ உலர்ந்த மணலோ வேண்டும்.

எஃகுக் கம்பளியை, அதாவது ஸ்டீல் வுல்லை, அலுமினியத்தின்மேல் பயன்படுத்தக் கூடாது. அதன் இழைத்துணுக்குகள் மென்மையான உலோகத்தில் பதிந்து, ஒரு மழை கண்டதும் பழுப்புப் புள்ளிகளாக எழும்பும்.

மெருகேற்றி முடித்த பட்டையைத் திரும்பப் பொருத்தும்போது பழைய இரும்புத் திருகுகளைப் போடாதீர்கள். கழற்றும்போதே பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு திருகைச் சுற்றியும் மாவுபோல வெள்ளைத் தூள் கட்டியிருக்கும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்ததால் அலுமினியம் அரித்ததன் எச்சம் அது. துருப்பிடிக்காத எஃகுத் திருகை, பட்டைக்கு அடியில் புதிய பியூட்டில் நாடாவை, அதாவது ரப்பர்போன்ற ஒட்டும் நாடாவை, ஒட்டி, அந்த நாடாவின் ஊடாகவே முடுக்கினால் ஈரம் உள்ளே போகாது. பழைய இடத்தில் கல்லாய் இறுகியிருக்கும் சாம்பல்நிற அடைப்புப் பசையின் (புட்டி) மேல் புதியதை ஒட்டுவதில் பயனில்லை, முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அதில் கல்நார் கலந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் சோதித்தபின் தொடுங்கள். மெருகு நிலைக்கத் தெளிபூச்சு அடிக்கலாமா என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அதன் அடியில் நூலிழைபோல அரிப்பு ஊர்ந்து செல்லும், அதை எடுக்க முழுப் பூச்சையும் கழற்ற வேண்டும் என்பதால், பட்டைகளுக்கு நல்ல வாக்ஸ் போதும் என்றே சொல்லி அனுப்புகிறோம்.