கையெழுத்தோடு முடிந்துவிடாத சம்மதம்

ஆவணப்படம் எடுப்பவர்களிடம் சம்மதம் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டால், பெரும்பாலோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். படப்பிடிப்புக்கு முன் ஒரு தாள், அதில் ஒரு கையெழுத்து. அதன்பின் அந்த மனிதருடைய முகமும் குரலும் வீடும் என் விருப்பப்படி வெட்டி ஒட்டுவதற்கான பொருள்களாகிவிடும். பிறப்பு, மதம், பாலினம், நோய் என்று அடையாளத்தோடு பிணைந்த துயரங்களைப் படமாக்கும்போது அந்தத் தாள் எவ்வளவு போதாதது என்பதை எனக்கு உணர்த்தியவர் ஒரு பெண். அவருடைய அனுமதியோடு, சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

தான் எந்தச் சமூகத்தில் பிறந்தவர் என்பதை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாமல் ஒரு வாடகை வீட்டில் வாழ்ந்துவந்தார் அவர். அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது, அதாவது அச்சேறும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை களைவது அவருடைய வேலை. முகம் தெரியக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு நான்கு நாட்கள் எங்களிடம் பேசினார். நாங்களும் வழக்கம்போல அவரை ஜன்னலுக்கு முன்னால் உட்காரவைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி செய்து, முகத்தை இருட்டில் நிறுத்தினோம். முதல் தொகுப்பு முடிந்ததும் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் போட்டுக் காட்டினேன். பத்தாவது நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார். “இந்தத் திரைச்சீலையை என் தங்கை துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்தாள். தெருவில் போகிறவர்கள் தினமும் வெளியிலிருந்து பார்ப்பது இதைத்தான்” என்றார். முகத்தை மறைப்பதற்காக நாங்கள் தேர்ந்தெடுத்த கோணமே அவருடைய வீட்டு முகவரியைத் திரை முழுக்க எழுதி வைத்திருந்தது.

அதோடு முடியவில்லை. அவர் பேசும் காட்சிகளின் கீழே ‘பாதிக்கப்பட்டவர்’ என்று எழுத்துப் போட்டிருந்தோம். மெய்ப்புத் திருத்தும் கண் அதைச் சும்மா விடுமா? “நான் பதினெட்டு வருடமாகச் செய்கிற வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேனே, அது எங்கே போயிற்று?” என்று கேட்டார். எங்கள் படத்தின் வாதத்துக்கு அது தேவைப்படவில்லை என்று முழுவதையும் நீக்கியிருந்தோம். எந்த அடையாளத்தை வைத்து உலகம் அவரைச் சுருக்கியதோ, அதே அடையாளத்துக்குள் எங்கள் பரிவும் அவரைச் சுருக்கியிருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். தொழிலைக் குறிப்பிட்டால் அவரை யாராவது அடையாளம் கண்டுகொள்ளக்கூடும் என்று எச்சரித்தேன். ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “மெய்ப்புத் திருத்துகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்தத் திரைச்சீலை ஒன்றுதான்.” திரைச்சீலை போயிற்று, ‘மெய்ப்புத் திருத்துநர்’ என்ற எழுத்து வந்தது.

இந்தத் தவறு எங்களோடு தொடங்கியதன்று. கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றி 1922இல் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ ஆவணப்படத்தின் நாயகருடைய உண்மைப் பெயர் நானூக் அன்று, அல்லகரியல்லக். துப்பாக்கியால் வேட்டையாடும் காலத்துக்கு வந்துவிட்ட மக்களைப் பழைய ஈட்டியை எடுக்கவைத்துத்தான் அந்த ‘ஆதி வாழ்க்கை’ படமாக்கப்பட்டது. நல்ல விளைவைத் தந்த படத்திலும் கேள்வி மிச்சமிருக்கிறது. எரால் மோரிஸின் ‘தி தின் புளூ லைன்’ 1988இல் வெளியாகி, செய்யாத கொலைக்காகச் சிறையில் இருந்த ரான்டல் ஆடம்ஸ் மறுஆண்டே விடுதலை பெறத் துணைநின்றது. பிறகு அதே ஆடம்ஸ், தன் வாழ்க்கைக் கதையின் உரிமை யாருக்கு என்று கேட்டு இயக்குநர்மீது வழக்குத் தொடுத்தார். பலர் இதை நன்றிகெட்டதனம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

வேறு வழியும் அன்றே இருந்தது. 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் ஃபோகோ தீவின் மீனவ மக்களோடு குறும்படங்கள் எடுத்தபோது, பேசியவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே மற்றவர்களுக்குக் காட்டியது. இப்படிக் காட்டினால் படைப்புச் சுதந்திரம் போய்விடும் என்று சக இயக்குநர்கள் அஞ்சுவதுண்டு. அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றிய படமாக இருந்தால் அந்த அச்சம் நியாயமானது. அவர்களுக்கு நான் முன்கூட்டியே காட்டுவதில்லை. தன் காயத்தை நம்மை நம்பித் திறந்து காட்டியவரும், காயப்படுத்திய நிறுவனமும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவர்கள் அல்லர்.

அடையாளத்தை மறைப்பது பற்றி இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. கை, மோதிரம், நடை, அடிக்கடி சொல்லும் ஒரு சொல், பின்னணியில் கேட்கும் மணியோசை ஆகிய ஒவ்வொன்றும் தெரிந்தவர்களுக்குப் பெயர்ப்பலகைதான். குரலின் சுருதியை மட்டும் கூட்டிக் குறைத்தால், அதை எளிய மென்பொருளால் பழையபடி மாற்றிவிடலாம். ஆகவே வேறொருவரைக் கொண்டு அதே சொற்களைப் பேசவைப்பதே பாதுகாப்பு. செல்பேசியில் எடுத்த கோப்புகளில் இடக்குறிப்பும் பதிந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றை யாருக்கும் அப்படியே அனுப்பக் கூடாது. மங்கலாக்கிய முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போகிறது என்ற குறையும் உண்டு. 2020இல் வெளியான ‘வெல்கம் டு செச்னியா’ படம், ரஷ்யாவின் செச்னியாவிலிருந்து உயிருக்கு அஞ்சி ஓடிய தன்பாலீர்ப்பாளர்களின் முகத்தின்மீது தாமாக முன்வந்த வேறு மனிதர்களின் முகத்தைக் கணினி வழியே பொருத்தி இதற்கு ஒரு விடை கண்டது. செலவு மிகுந்த வழி. ஆனால் பார்ப்பவர்களுக்கு அங்கே ஒரு முகம் கிடைத்தது.

இப்போதெல்லாம் நான் மூன்று முறை சம்மதம் கேட்கிறேன்: படப்பிடிப்புக்கு முன், முதல் தொகுப்பைக் காட்டிய பின், வெளியிடும் முன். அந்தப் பெண்ணிடம் ஒவ்வொரு திரையிடலுக்கு முன்பும் கேட்கிறேன். எங்கே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்கிறேன். இணையத்தில் ஏற்றிவிட்டால் இப்படிக் கேட்கவே முடியாது என்பதால் இன்னும் ஏற்றவில்லை. இதுவரை இரண்டு இடங்களுக்கு “அங்கே வேண்டாம்” என்றார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இரண்டு இடங்களிலும் படம் திரையிடப்படவில்லை.