கேள்வி முடியும் முன்பே தொடங்கும் பதில்

நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவருக்கு ஆய்வகத்தில் வைத்து மன அழுத்தம் உண்டாக்க வேண்டும். ஆபத்து இருக்கக் கூடாது. ஆனால் ரத்தத்திலும் உமிழ்நீரிலும் அளந்து பார்க்கும் அளவுக்கு அழுத்தம் இருக்க வேண்டும். ஐஸ் தண்ணீருக்குள் கையை வைக்கச் சொல்லலாம், காதடைக்கும் சத்தத்தைக் கேட்க வைக்கலாம். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் கிர்ஷ்பாமும் அவருடைய சகாக்களும் வேறு வழியில் போனார்கள். வேலைக்கான நேர்காணல் ஒன்றை நடத்தினார்கள்.

1993-இல் அவர்கள் வெளியிட்ட அந்த முறைக்கு ட்ரியர் சமூக அழுத்தச் சோதனை என்று பெயர். ‘நீங்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். அதற்கு நீங்கள்தான் பொருத்தமானவர் என்று தேர்வுக் குழுவிடம் எடுத்துச் சொல்லுங்கள்’ என்பார்கள். தயாராகச் சிறிது நேரம் கிடைக்கும். எழுதிய குறிப்பைக் கையில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஐந்து நிமிடம் பேச வேண்டும். அது முடிந்ததும் 1022-இலிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். எங்கேயாவது தப்பினால் மறுபடி முதலிலிருந்து. குழுவில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். இப்படிச் சோதித்தபோது, அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு உமிழ்நீரில் முன்பு இருந்ததைப்போல இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியது. மன அழுத்தத்தை ஆராய்பவர்கள் இன்றும் பெரிதும் நம்பிக் கையாளும் சோதனை இது.

நேர்காணலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அறைக்கு வெளியே காத்திருக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்றால் அது உங்களுடைய திறமைக் குறைவுக்கான அறிகுறி இல்லை. நலமாக இருக்கும் உடல் அந்த இடத்தில் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அந்தப் படபடப்பு இரண்டு கட்டங்களாக வருகிறது. முதலில், சில நொடிகளுக்குள் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, உமிழ்நீர் குறைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இரண்டாவது கட்டம் மெதுவானது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து கார்டிசால் வெளிவருகிறது. இதற்குப் பல நிமிடங்கள் ஆகும். இதற்கிடையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் வேலை மந்தமாகிறது. பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்வது, வேண்டாததை ஒதுக்குவது, சொல்லப்போவதைச் சற்று நிறுத்திச் சரிபார்ப்பது எல்லாம் அந்தப் பகுதியின் பொறுப்பு. அது தளரும்போது நன்றாகப் பழகிய, தடம் விழுந்த பாதைகள்தான் மிஞ்சுகின்றன. மனப்பாடம் செய்த பதில் கேள்விக்குப் பொருந்தாத இடத்திலும் தானாகக் கொட்டிவிடுவது இதனால்தான்.

உடலை இந்த அளவுக்கு உலுக்குவது எது? 2004-இல் சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி இருவரும் 208 ஆய்வகச் சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கார்டிசாலை அதிகம் ஏற்றியவை இரண்டு அம்சங்கள் சேர்ந்திருந்த சோதனைகள்: பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வு, முடிவு நம் கையில் இல்லை என்ற உணர்வு. 2013-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ட்ரியர் சோதனையிலேயே ஒரு மாற்றம் செய்தார்கள். கல் போன்ற முகத்தோடு இருந்த குழுவுக்குப் பதிலாக, அன்பாகப் பேசும், புன்னகைக்கும் குழுவை உட்கார வைத்தார்கள். கார்டிசால் ஏறவில்லை. நேர்காணல் நடத்துபவர்கள் இந்த முடிவை ஊன்றிப் படிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் தன் திறமையைக் காட்டுவாரா, தடுமாறுவாரா என்பதில் அவர்களுடைய முகத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

பேச வந்தவருக்கு இன்னொரு பயமும் உண்டு: ‘நான் நடுங்குவது அவர்களுக்கு அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது.’ பெரும்பாலும் தெரிந்திருக்காது. நம் உள்ளே நடப்பது வெளியே தெரிகிறது என்று நாம் மிகையாக நம்புகிறோம். தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 1998-இல் இதற்கு வெளிப்படைத்தன்மை மாயை என்று பெயரிட்டார்கள். 2003-இல் கென்னத் சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் செய்த ஆய்வில், பேசப் போகிறவர்களில் ஒரு பிரிவினருக்கு இந்த மாயையைப் பற்றி முன்கூட்டியே விளக்கினார்கள். பயிற்சியோ மூச்சுப் பழக்கமோ எதுவும் தரவில்லை; இந்த உண்மையைச் சொன்னார்கள், அவ்வளவுதான். விளக்கம் பெற்றவர்கள் நன்றாகப் பேசியதாக அவர்களும் உணர்ந்தார்கள், பேச்சைக் கேட்டவர்களும் சொன்னார்கள். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதே மருந்தாகும் இடங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

இனி, இந்தக் கட்டுரைக்கு மையமான விஷயம். நேர்காணலில் பேச்சு சறுக்குவது பெரும்பாலும் வாய் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் தொடங்குவதற்கு இடையே எவ்வளவு நேரம் ஆகிறது? 2009-இல் தான்யா ஸ்டைவர்ஸ் தலைமையிலான குழு, உலகின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த பத்து மொழிகளில் பதிவான இயல்பான உரையாடல்களை அளந்தது. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டார்கள். சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிவினாடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானியர் இதைவிடவும் விரைவு, டேனிஷ் பேசுவோர் சற்று நிதானம். ஆனாலும் எந்த மொழியும் அந்தச் சராசரியிலிருந்து ஏறக்குறைய கால் நொடிக்கு மேல் விலகவில்லை.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே மூளைக்கு ஏறக்குறைய 600 மில்லிவினாடி தேவை. ஒரு முழு வாக்கியம் என்றால் இன்னும் அதிகம். பிறகு எப்படி 200-இல் பதில் வருகிறது? நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் சாரா பேகல்ஸ், ஸ்டீபன் லெவின்சன் முதலியோர் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 2015-இல் விடை கண்டார்கள். கேள்வியின் நடுவிலேயே, பதிலுக்குப் போதுமான தகவல் கிடைத்த அரை நொடிக்குள் கேட்பவரின் மூளை பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. மீதிக் கேள்வியைக் கேட்பதும் பதிலைத் தயாரிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

அன்றாடப் பேச்சில் இது அற்புதமான ஏற்பாடு. நேர்காணலில் இதுவே பொறியாகிவிடுகிறது. ‘நீங்கள் குழுவாகச் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற இடத்தில் உங்கள் மூளை பாய்ந்துவிடும், ஏனென்றால் அதற்கான பதில் வீட்டிலேயே தயார். ‘அதில் உங்கள் கருத்தை மற்றவர்கள் ஏற்காதபோது என்ன செய்தீர்கள்?’ என்ற பின்பாதி காதில் விழும், கவனத்தில் பதியாது. குழுவின் வெற்றியைப் பற்றி இரண்டு நிமிடம் அழகாகப் பேசிவிட்டு வெளியே வருவீர்கள். எதிரில் இருப்பவரின் தாளில், கேட்ட விஷயத்துக்கு நேரே எதுவும் இருக்காது. படபடப்பு கூடினால் இந்த அவசரமும் கூடும், ஏனென்றால் நிறுத்திப் பிடிக்க வேண்டிய முன்மூளை ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது.

ஆகவே கேள்வி முடிந்தபின் இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள். மூளையின் நேரக்கணக்கில் அது மிகப் பெரிய அவகாசம். ஒரு வாக்கியத்தை முழுதாகத் திட்டமிடலாம், வேண்டாததைத் தள்ளலாம். அன்றாடப் பேச்சில் இப்படித் தாமதித்தால் எதிராளி வேறு அர்த்தம் எடுப்பார் என்பது உண்மை, ‘நாளைக்கு வருகிறாயா?’ என்று கேட்டுப் பதில் ஒரு நொடி தள்ளினாலே ‘வரமாட்டான் போல’ என்று தோன்றிவிடும். நம்மை மௌனத்துக்கு அஞ்ச வைப்பது அந்தப் பழக்கம்தான். அதனால் மௌனத்துக்கு ஒரு பெயர் கொடுத்துவிடுவது நல்லது: ‘ஒரு நிமிடம், சரியான உதாரணத்தை யோசிக்கிறேன்.’ கேள்வி நீளமாக இருந்தால், ‘இரண்டு விஷயம் கேட்கிறீர்கள், முதலில் என்ன நடந்தது, பிறகு நான் என்ன செய்தேன், சரிதானா?’ என்று திருப்பிச் சொல்லலாம். கேள்வியைச் சரிபார்ப்பதோடு, யோசிக்க வேண்டிய நொடிகளும் கிடைத்துவிடும்.

காணொலி வழியாக நடக்கும் நேர்காணலில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. இணைப்பின் தாமதம் 200 மில்லிவினாடி ஒழுங்கை நேரடியாகக் குலைக்கிறது. 2014-இல் ஜெர்மனியில் நடந்த தொலைபேசி ஆய்வொன்றில், ஒலி ஒரு நொடிக்குச் சற்று மேல் தாமதித்தபோது பேசியவர்கள் கருவியைக் குறை சொல்லவில்லை. மறுமுனையில் இருப்பவருக்குக் கவனம் போதாது, நட்புணர்வு குறைவு என்று நினைத்துக்கொண்டார்கள். கம்பியின் குற்றம் மனிதர் தலையில் விழுகிறது. இணைப்பு தாமதிக்கிறது என்று தெரிந்ததும் அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது மேசையின் மறுபக்கம் போவோம். நேர்காணல் நடத்துபவர் கேட்கிறார், குறிப்பெடுக்கிறார், மதிப்பெண் யோசிக்கிறார், அடுத்த கேள்வியை நினைவில் வைத்திருக்கிறார். மனிதர் ஒரே சமயத்தில் மனத்தில் ஏந்தக்கூடிய விஷயங்கள் ஏறக்குறைய நான்கு என்று நெல்சன் கோவன் 2001-இல் வாதிட்டார். அந்த நான்கில் எத்தனை உங்களுக்கு மிஞ்சும்? பின்னணி, காரணம், கிளைக்கதை என்று தொடங்கி முடிவைக் கடைசியில் சொன்னால், இவையெல்லாம் எதற்காக என்று தெரியாமலே அவர் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். ‘ஆம், அப்படி ஒரு கருத்து வேறுபாடு வந்தது. கடைசியில் என் யோசனையைக் கைவிட்டேன், அதுதான் சரியாகவும் இருந்தது’ என்று முதலில் சொல்லிவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு விவரத்துக்கும் அவர் மனத்தில் உட்கார இடம் தயாராக இருக்கும்.

நம் கதை நமக்கு முழுதாகத் தெரியும் என்பதே இங்கே இடைஞ்சல். ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990-இல் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். ஒருவர் பிரபலமான பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகளில் மூன்றுதான் பிடிபட்டன. தட்டுபவரின் தலைக்குள் ராகம் ஓடுகிறது; கேட்பவருக்கு வெறும் தட்டல். ‘நாங்கள் அந்த மாட்யூலை மைக்ரேட் பண்ணினோம், ரொம்பப் பெரிய வேலை’ என்று சொல்லும்போது உங்கள் தலைக்குள் தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் ஓடும். எதிரே இருப்பவருக்குக் கேட்பது அந்த ஒரு வாக்கியம் மட்டும். எது உடைந்திருந்தது, யாருக்கு அதனால் தொல்லை, நீங்கள் எதை மாற்றினீர்கள், அதன்பின் எது எவ்வளவு மாறியது என்று சொன்னால்தான் ராகம் அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

இப்படி நடந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்பே வகுத்த மதிப்பெண் அளவுகோல் என்று நடக்கும் கட்டமைக்கப்பட்ட நேர்காணலை உளவியலாளர்கள் நீண்ட காலமாகப் பரிந்துரைக்கிறார்கள். பால் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் 2022-இல் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டபோது, பிற்கால வேலைத்திறனை ஊகிக்கும் வழிகளில் இதுவே முதலிடத்தில் நின்றது. இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து போகின்றன என்று காட்டும் தொடர்புக் கெழு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.42. மனம்போன போக்கில் அரட்டையாக நடக்கும் நேர்காணலுக்கு அதில் பாதிகூட இல்லை. அளவுகோலோடு உட்கார்ந்திருப்பவருக்குத் தேவை, அந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்ளக்கூடிய ஒரு செயல். ‘நான் கடினமாக உழைப்பேன், குழுவோடு இணைந்து போவேன்’ என்பதை அவரால் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.

‘பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மற்றதெல்லாம் குரலும் உடல்மொழியும்’ என்று பயிற்சி வகுப்புகளில் இன்னமும் சொல்கிறார்கள். இதை நம்பிக் கைகளை எங்கே வைப்பது என்று கவலைப்பட்டுக்கொண்டே உள்ளத்தில் இருப்பதைச் சொல்லாமல் வருபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967-இல் செய்த சோதனைகள் ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியிலும் முகபாவத்திலும் வைத்து, பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னவை. உணர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு வெளியே அந்தக் கணக்கு பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். நீங்கள் ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்பது உங்கள் கை அசைவில் தெரியாது.

பயிற்சி எப்படிச் செய்வது? எழுதி வைத்ததைத் திரும்பத் திரும்பப் படித்தால், தெரியும் என்ற நம்பிக்கை வளரும். சொல்லும் திறன் அந்த அளவுக்கு வளராது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் காட்டியது இது: பாடத்தை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே தாளை மூடிவிட்டு, வாய்விட்டு, ஒரு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். அதே சொற்களில் ஒப்பிக்க முயல வேண்டாம். உங்கள் வேலையில் நடந்த நிகழ்ச்சிகள் நான்கைந்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதிலாகச் சொல்லுங்கள். ஒரே நிகழ்ச்சி ஒருமுறை தோல்வியைப் பற்றிய கேள்விக்கு, இன்னொரு முறை கருத்து வேறுபாட்டைப் பற்றிய கேள்விக்கு, மற்றொரு முறை நேர நெருக்கடியைப் பற்றிய கேள்விக்கு. நண்பரிடம் ஒரு உதவியும் கேளுங்கள்: கேள்வியின் கடைசிச் சொற்களை அவர் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும்.